பாயில் அமர்ந்து உலகைக் கண்டவர்

நுழையும்முன்

உலகின் தலைசிறந்த திரைப்பட இயக்குநர் யார் என்னும் வினா, திரைப்படத்தை நேசிப்போர் கூடும் இடங்களிலெல்லாம் எழுகிறது. சாப்ளின், ஐசன்ஸ்டைன், ஆர்சன் வெல்ஸ், ஹிட்ச்காக், குரோசாவா, சத்யஜித் ராய் என விடைகள் பலவாக அமைகின்றன. தம் வாழ்நாளில் தம் நாட்டிற்கு வெளியே பெரிதும் அறியப்படாத ஒருவரின் பெயரும் இன்று அவ்வரிசையில் உறுதியாக இடம்பெறுகிறது. பெற்றோர், பிள்ளைகள், வீடு, பிரிவு ஆகியவற்றையே மீண்டும் மீண்டும் படமாக்கிய ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு அவர். ஒரு கலைஞரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது என்னும் சிந்தனையை அவருடைய வாழ்க்கை நமக்குள் தூண்டுகிறது.

முதலிடம் யாருக்கு?

பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் வெளியிடும் ‘சைட் அண்டு சவுண்டு’ என்னும் இதழ், 1952ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, மிகச்சிறந்த திரைப்படங்கள் எவை எனத் திறனாய்வாளர்களிடம் வாக்கெடுத்து வருகிறது. முதல் வாக்கெடுப்பில் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்தில் நின்றது. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதனை முந்தியது. 2022இல் பெல்ஜிய நாட்டுப் பெண் இயக்குநர் சாந்தால் அக்கர்மானின் ‘ஜீன் டீல்மன்’ அவ்விடத்தைப் பெற்றது.

1992 முதல் இயக்குநர்களிடமும் தனியே வாக்குப் பெறப்படுகிறது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களைத் தெரிவு செய்ய வேண்டும். 2012இல் உலகெங்கிலுமிருந்து 358 இயக்குநர்கள் இதில் பங்கேற்றனர். அவர்களுள் 48 பேர் ஓசுவின் ‘டோக்கியோ கதை’யைத் தெரிவு செய்தனர்; அதுவே முதலிடம் பெற்றது. அப்படம் வெளிவந்து 59 ஆண்டுகளும், ஓசு மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டும் கடந்திருந்தன.

இவ்வெண்களைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலிடம் பெற்ற படத்தையும் ஏழில் ஒரு பங்கினர்கூடத் தம் பத்துப் படங்களுள் ஒன்றாகக் குறிப்பிடவில்லை. கலையில் முதன்மை என்பது ஓட்டப்பந்தயத்தில் கிடைக்கும் முதன்மை போன்றது அன்று என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், அந்த 48 பேரும் வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு பண்பாட்டினர். முதியோர் இருவர் தம் பிள்ளைகளைக் காணச் சென்று திரும்பும் கதை அவர்களை ஏன் ஈர்த்தது? இதற்கு விடை காண, அக்கதையை எடுத்தவரின் வாழ்வை அறிதல் வேண்டும்.

தந்தையைப் பிரிந்த இளமை

யாசுஜிரோ ஓசு 1903ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் டோக்கியோ நகரின் ஃபுகாகாவா பகுதியில் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் இவர் இரண்டாம் மகன். தந்தை உர வணிகர். பிள்ளைகள் சொந்த ஊரில் வளர்வதே நன்று எனக் கருதிய தந்தை, 1913இல் மனைவியையும் மக்களையும் மியே மாநிலத்திலுள்ள மட்சுசாகாவுக்கு அனுப்பிவைத்தார். வணிகத்தைக் கவனிப்பதற்காகத் தாம் டோக்கியோவிலேயே தங்கினார். ஓசு தம் பத்தாம் வயது முதல் ஏறத்தாழ இருபதாம் வயது வரை தந்தையைப் பிரிந்தே வாழ்ந்தார். பின்னாளில் அவர் படைத்த திரைப்படங்களில் தந்தையும் பிள்ளையும் பிரிவது திரும்பத் திரும்ப இடம்பெறுவதை எண்ணும்போது, இவ்விளமைக்காலம் நினைவுக்கு வருகிறது.

பள்ளி விடுதியில் தங்கிப் பயின்ற ஓசு கட்டுப்பாடுகளுக்கு எளிதில் அடங்காத மாணவராக இருந்தார். ஒருமுறை விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, நாள்தோறும் தொடர்வண்டியில் பள்ளிக்குச் சென்று வரவேண்டிய நிலையும் ஏற்பட்டது. அவருடைய நாட்டம் பாடநூல்களைவிடத் திரைக்கொட்டகையிலேயே மிகுந்திருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பேசாப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். தாமஸ் இன்ஸ் என்பவரின் ‘சிவிலைசேஷன்’ படமே திரைப்படம் எடுக்கும் எண்ணத்தை அவருள் விதைத்தது.

உயர்கல்விக்கான நுழைவுத்தேர்வுகளில் ஓசு வெற்றி பெறவில்லை. 1922இல் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகப் பணியேற்றார். ஓராண்டுக்காலம் அங்கே கழிந்தது. நகரத்தில் வளர்ந்த இளைஞருக்கு அம்மலையூர் எளிய மனிதர்களின் வாழ்வை அருகிருந்து காணும் வாய்ப்பைத் தந்தது. தேர்வில் தோற்றவர்களும், பெரிய கனவோடு புறப்பட்டுச் சிறிய பணியில் அமைந்தவர்களும் அவருடைய படங்களில் இகழ்ச்சிக்கு உள்ளாவதில்லை.

படப்பிடிப்பு நிலையத்தில்

1923இல் டோக்கியோ திரும்பிய ஓசு, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஷோசிகு நிறுவனத்தின் கமாதா படப்பிடிப்பு நிலையத்தில் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். திரைப்படத்தொழில் மதிப்புடையதாகக் கருதப்படாத காலம் அது. தந்தை இம்முடிவை விரும்பவில்லை. ஓசு பணியில் சேர்ந்த அடுத்த திங்களே, செப்டம்பர் முதல் நாளன்று, பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. இடிபாடுகளிலிருந்து நகரம் மெல்ல எழுந்த காலத்தில், கனத்த ஒளிப்பதிவுக் கருவியைச் சுமந்தபடி ஓசு தம் தொழிலைக் கற்றார்.

அவர் இயக்குநரானதைப் பற்றி நிகழ்ச்சி ஒன்று கூறப்படுகிறது. ஒருநாள் நிலையத்தின் உணவகத்தில், பசியோடு தம் முறைக்காகக் காத்திருந்தார் ஓசு. பின்னர் வந்த இயக்குநர் ஒருவருக்கு முதலில் உணவு பரிமாறப்பட்டது. சினம் கொண்ட ஓசு பூசலில் இறங்கினார். செய்தி நிலையத் தலைவர் ஷிரோ கிடோவின் செவிக்கு எட்டியது. அழைத்து விசாரித்த அவர், இளைஞரின் துணிவைக் கண்டு, திரைக்கதை ஒன்றை எழுதித் தருமாறு பணித்தார் என்பர். 1927இல் ஓசுவின் முதற்படம் வெளிவந்தது. வாள்வீரர் காலத்துக் கதை அது. அத்தகைய வரலாற்றுக் கதையை அவர் மீண்டும் படமாக்கவே இல்லை. அதன் திரைக்கதையை எழுதியவர் கோகோ நோதா. இவ்விருவரின் நட்பு ஓசுவின் இறுதிக்காலம் வரை நீடித்தது.

பேசாப் படங்களின் காலம்

தொடக்கத்தில் ஓசு அமெரிக்க நகைச்சுவைப் படங்களின் சாயலில் மாணவர் வாழ்வையும் வேலைதேடும் இளைஞர்களையும் படமாக்கினார். விரைவிலேயே அவருக்கே உரிய பாதை புலப்பட்டது. 1932இல் வெளிவந்த ‘பிறந்தேன், ஆனால்…’ என்னும் படம் அப்பாதையின் தொடக்கம் எனலாம். இரு சிறுவர்கள், தம் தந்தையே ஊரில் பெரியவர் என நம்புகின்றனர். ஒருநாள் தந்தையின் மேலதிகாரி வீட்டில் திரையிடப்படும் சிறு படத்தில், அவர் மேலதிகாரியை மகிழ்விப்பதற்காகக் கோமாளிபோல் முகஞ்சுளித்துக் காட்டுவதைக் காண்கின்றனர். வீடு திரும்பியதும் உண்ண மறுத்துப் போராடுகின்றனர். மேலதிகாரியிடம் பணியாமல் இருந்தால் வீட்டில் உணவு இராது என்பதைத் தந்தை அவர்களுக்கு எவ்வாறு விளக்குவார்? சிரித்துக்கொண்டே படம் பார்ப்போர், பிள்ளைகள் உறங்கிய பின் பெற்றோர் பேசிக்கொள்ளும் காட்சியில் சிரிப்பை மறந்துவிடுகின்றனர்.

ஜப்பானின் புகழ்பெற்ற திரைப்பட இதழான ‘கினேமா ஜுன்போ’ அவ்வாண்டின் சிறந்த படமாக அதனைத் தேர்ந்தெடுத்தது. 1933இலும் 1934இலும் அச்சிறப்பு ஓசுவின் படங்களுக்கே கிடைத்தது.

1931 முதல் ஜப்பானில் பேசும் படங்கள் வரத்தொடங்கின. ஏனைய இயக்குநர்கள் ஒவ்வொருவராகப் புதிய முறைக்கு மாறியபோது, ஓசு மட்டும் காத்திருந்தார். அவருடைய ஒளிப்பதிவாளர் ஹிதேயோ ஷிகேஹாரா சொந்தமாக ஒலிப்பதிவு முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். தம் முதல் பேசும் படத்தில் அம்முறையையே பயன்படுத்துவதாக ஓசு அவருக்கு வாக்களித்திருந்தார். அவ்வாக்கைக் காப்பதற்காகக் காலத்திற்குப் பின்தங்கியவர் என்னும் பேச்சையும் பொறுத்துக்கொண்டார். 1936இல் வெளிவந்த ‘ஒரே மகன்’ அவ்வாறு உருவான படமாகும். பட்டாலையில் உழைத்து மகனைப் படிக்கவைத்த தாய், பல்லாண்டுகளுக்குப் பின் டோக்கியோ சென்று, அவன் இரவுப்பள்ளி ஆசிரியனாக வறுமையில் வாழ்வதைக் காண்கிறாள். மகனுக்குத் தன் தோல்வி பற்றிய நாணம். தாய்க்குத் தன் ஏமாற்றத்தை மறைக்கவேண்டிய நிலை. இருவரும் சொல்லாமல் விடுவதே படத்தின் உயிராகிறது.

போர் ஆண்டுகள்

1937இல் ஓசு படைப்பணிக்கு அழைக்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். நச்சுவாயுப் போர்முறைக்கென அமைந்த படைப்பிரிவொன்றில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பணியாற்றினார். ஜப்பானியப் படை சீன மக்களுக்கு இழைத்த கொடுமைகள் வரலாற்றில் பதிவானவை. குடும்பப் பாசத்தை மென்மையாகப் படம்பிடித்த கலைஞர் அப்படையில் ஒருவராக இருந்தார் என்பது அவர் வாழ்வில் மறைக்க இயலாத பகுதி. போர்க்களத்தைக் காட்டும் படம் எதையும் அவர் எடுக்கவில்லை; ஆயினும் போரில் மறைந்த மகனும், வீடு திரும்பாத கணவனும் அவருடைய பிற்காலப் படங்களில் கண்ணுக்குப் புலப்படாத உறுப்பினர்களாக இருக்கின்றனர். அவருடைய நெருங்கிய நண்பரும் சிறந்த இயக்குநருமான சடாவோ யமனாகா, 1938இல் சீனாவில் நோயுற்று 28ஆம் வயதில் மறைந்தார். அவ்விழப்பு ஓசுவைப் பெரிதும் வாட்டியது.

நாடு திரும்பியபின் அவர் எழுதிய திரைக்கதை ஒன்று தணிக்கையினரால் மறுக்கப்பட்டது. போருக்குச் செல்லும் கணவன் மங்கலச் சோறு உண்ணாமல், தேநீர் ஊற்றிய எளிய சோற்றை உண்பதாக எழுதியிருந்ததைத் தணிக்கையினர் ஏற்கவில்லை. அக்கதையை வேறு வடிவில் 1952இல்தான் ஓசு படமாக்க முடிந்தது. 1942இல் வெளிவந்த ‘ஒரு தந்தை இருந்தார்’ என்னும் படம், பிழைப்பின் பொருட்டு மகனைப் பிரிந்தே வாழும் ஆசிரியர் ஒருவரின் கதை. சிஷு ரியு அவ்வாசிரியராக நடித்தார்.

1943இல் ஓசு சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அவ்வாண்டில்தான் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் அப்படையில் சேர்ந்த காலம் அது. இந்திய விடுதலை இயக்கத்தைப் பற்றிய படம் ஒன்றை எடுப்பதே ஓசுவுக்குத் தரப்பட்ட பணி. அப்படம் நிறைவேறவில்லை. ஆனால், ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கத் திரைப்படங்களை இரவுதோறும் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவற்றுள் ‘சிட்டிசன் கேன்’ அவரை வியப்பில் ஆழ்த்தியது. பிற்காலத்தில் தம் படமும் அப்படமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்துப் பேசப்படும் என்பதை அவர் அன்று எண்ணியிருக்க வழியில்லை.

போர் முடிந்ததும் ஓசு முகாமில் வைக்கப்பட்டார். நாடு திரும்பும் முதற்கப்பலில் அனைவருக்கும் இடமில்லை. திருவுளச்சீட்டில் ஓசுவின் பெயர் வந்தது. தம் இடத்தை உடனிருந்த ஒருவருக்கு விட்டுக்கொடுத்து, பின்னர் 1946 பிப்ரவரியில் அவர் தாயகம் சேர்ந்தார்.

டோக்கியோ கதை

1949இல் வெளிவந்த ‘வசந்தத்தின் இறுதி’ முதல் ஓசுவும் நோதாவும் மீண்டும் இணைந்து எழுதினர். மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர், தம்மைவிட்டுப் பிரிய மனமில்லாத மகளுக்குத் திருமணம் செய்துவைக்கும் கதை அது. செட்சுகோ ஹாரா மகளாக நடித்தார். படம் முழுவதும் பேசப்படும் திருமணம் திரையில் காட்டப்படவே இல்லை. மாப்பிள்ளையையும் நாம் காண்பதில்லை. மகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பும் தந்தை, தனியே அமர்ந்து பழத்தின் தோலைச் சீவுகிறார். தோல் நழுவி விழ, அவர் தலை கவிழ்கிறது. அத்துடன் கதை முடிகிறது.

1953இல் சிகாசாகி என்னும் கடற்கரை ஊரின் விடுதி ஒன்றில் இருவரும் 103 நாள்கள் தங்கி ‘டோக்கியோ கதை’யை எழுதினர். கதை மிக எளியது. ஓனோமிச்சி என்னும் துறைமுக ஊரில் வாழும் முதியோர் இருவர், டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்கின்றனர். மகன் மருத்துவர், மகள் ஒப்பனை நிலையம் நடத்துபவர். இருவருக்கும் ஓய்வில்லை. செலவு குறையும் என எண்ணிப் பெற்றோரை அத்தாமி என்னும் வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கே இரவெல்லாம் எழும் இரைச்சலால் முதியோருக்கு உறக்கமில்லை. போரில் மறைந்த மகனின் மனைவி நோரிகோ மட்டுமே அலுவலகத்தில் ஒருநாள் விடுப்புப் பெற்று அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். தன் சிற்றறையில் விருந்தோம்புகிறாள். ஊர் திரும்பும் வழியில் தாய் நோயுற்று, வீட்டையடைந்த சில நாள்களில் மறைகிறார். பிள்ளைகள் வருகின்றனர், அழுகின்றனர், தாயின் உடைமைகளில் எது தமக்கு வேண்டும் எனக் கேட்டுப் பெறுகின்றனர், திரும்புகின்றனர். தந்தை, மனைவியின் கைக்கடிகாரத்தை நோரிகோவுக்கு அளிக்கிறார்.

இக்கதையில் தீயவர் எவரும் இல்லை. மகன் பெற்றோருடன் ஊர் சுற்றப் புறப்படும் வேளையில் நோயாளிக் குழந்தையைப் பார்க்க அழைப்பு வருகிறது. அவன் போகாமல் இருக்க முடியுமா? மகளின் கடுஞ்சொற்களுக்குப் பின்னால் அன்றாடப் பிழைப்பின் நெருக்கடி இருக்கிறது. நல்லவளாகத் தோன்றும் நோரிகோவும், மறைந்த கணவனை நினையாத நாள்கள் தனக்கு உண்டு என ஒப்புக்கொள்கிறாள். குற்றவாளி இன்றியே ஒரு குடும்பம் கலைந்துபோவதை ஓசு காட்டுகிறார். எவர்மீதும் சினங்கொள்ள இயலாத பார்வையாளர் தம் வீட்டையும் தம்மையும் எண்ணிப்பார்க்கத் தொடங்குகிறார். முதிய தந்தையாகத் தோன்றிய சிஷு ரியுவுக்கு அப்போது வயது 49 என்பது குறிப்பிடத்தக்கது.

பார்வையின் இலக்கணம்

ஓசுவின் படக்கருவி தாழ்ந்த உயரத்தில் நிற்கும். ஜப்பானிய வீட்டில் விரிக்கப்பட்ட பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் எனலாம். சிலவேளைகளில் அதனினும் தாழ்வு. இதற்கெனக் குட்டையான தாங்கி செய்யப்பட்டது. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா தரையில் படுத்தே காட்சியைப் பார்க்கவேண்டியிருந்தது. அமர்ந்து பேசுவோரை நின்றுகொண்டு குனிந்து பார்க்காமல், அவர்களோடு அமர்ந்து பார்க்கும் உணர்வை இம்முறை தருகிறது.

அவருடைய பிற்காலப் படங்களில் படக்கருவி பெரும்பாலும் அசைவதில்லை. 50 மில்லிமீட்டர் வில்லையையே அவர் விரும்பிப் பயன்படுத்தினார். ஒருவர் பேசும்போது ஏறத்தாழ நேராகப் பார்வையாளரை நோக்கிப் பேசுவதுபோல் தோன்றும். உரையாடும் இருவரைப் படமாக்கும்போது அவர்களுக்கு இடையிலான கற்பனைக் கோட்டைக் கடக்கலாகாது என்பது திரைப்படக்கலையின் பொதுவிதி. ஓசு அதனைக் கடந்தார். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குமுன், கொடியில் உலரும் துணிகள், ஆலைப் புகைபோக்கி, ஆளற்ற கூடம், கடந்துசெல்லும் தொடர்வண்டி போன்றவற்றைச் சிலநொடிகள் காட்டுவார். கதைக்கு அவை தேவையில்லை. பார்ப்போரின் மனம் சற்றே அமர்வதற்கு அவை தேவை.

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு கிண்ணத்தின் இடத்தைக்கூட அவரே கருவி வழியாகப் பார்த்து முடிவு செய்வார். நடிகர் திரும்பும் வேகமும் அவர் விருப்பப்படியே அமைய வேண்டும். உணர்ச்சியை வெளிக்காட்டி நடிப்பதை அவர் ஏற்பதில்லை. 1958இல் வண்ணப்படத்திற்கு மாறியபோது, அறையின் மூலையில் சிவப்புக் கெண்டி ஒன்றை வைத்தார். அவருடைய வண்ணப்படங்களில் சிவப்பு நிறம் கண்ணில் நிற்பதற்கு அவருடைய இத்தெரிவே காரணம்.

எதிர்ப்பும் ஏற்பும்

ஓசுவின் கலை அனைவராலும் போற்றப்படவில்லை. 1950களின் இறுதியில் ஜப்பானில் எழுந்த இளைய இயக்குநர்கள், அவர் பழைமையில் உறைந்தவர் என்றும், சமூகத்தின் கொந்தளிப்பைக் காணாதவர் என்றும் குறை கூறினர். அவரிடம் உதவி இயக்குநராக இருந்த ஷோஹெய் இமாமுரா, நடிகரை இம்மியும் அசையவிடாத அவருடைய முறையை ஏற்காமல் விலகி, முற்றிலும் மாறான படங்களை எடுத்துப் பின்னர்க் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை இருமுறை வென்றார். ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார் என்ற குறைக்கு, தம்மை டோஃபு கட்டி செய்பவரோடு ஒப்பிட்டு ஓசு விடையளித்தார். அத்தொழிலாளியிடம் வேறு பண்டத்தை எதிர்பார்க்கலாகாது என்பது அவர் கருத்து.

வெளிநாடுகளுக்கு அவர் படங்கள் தாமதமாகவே சென்றன. 1951இல் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்று ஜப்பானியத் திரைப்படத்தின் பக்கம் உலகின் பார்வையைத் திருப்பியது. ஓசுவின் படங்களோ ஜப்பானியருக்கே உரியவை. பிறருக்கு விளங்கா எனக் கருதப்பட்டன. ‘டோக்கியோ கதை’ 1958இல் லண்டன் திரைப்பட விழாவில் சதர்லாந்து கோப்பையைப் பெற்றபோதிலும், அமெரிக்காவின் திரையரங்குகளுக்கு 1972இல்தான் வந்தது.

குரோசாவாவையும் ஓசுவையும் எதிரெதிரே நிறுத்தி, இவருள் பெரியவர் யார் என வாதிடுவோர் பலர். அவ்வாதத்தில் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1943இல் குரோசாவாவின் முதற்படம் தணிக்கைக்கு வந்தது. மேலைநாட்டுச் சாயல் மிகுந்தது என அதிகாரிகள் குறை கூறினர். மதிப்பிடும் குழுவில் இருந்த ஓசு, நூற்றுக்கு நூற்றிருபது மதிப்பெண் அளிக்கலாம் எனக் கூறி வாதாடினார். படம் தப்பியது. குரோசாவாவே இதனைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தமக்கு முற்றிலும் மாறான பாணி உடைய இளைஞரின் திறனை ஓசு அஞ்சாமல் போற்றினார்.

இறுதி நாள்கள்

ஓசு திருமணம் செய்துகொள்ளவில்லை. 1952 முதல் கமாகுராவில் தாயுடன் வாழ்ந்தார். 1959இல் ஜப்பானியக் கலைக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரைப்படத்துறையிலிருந்து அப்பெருமையைப் பெற்ற முதல்வர் அவரே. 1962 பிப்ரவரியில், புதிய படத்திற்கான கதையை எழுதிக்கொண்டிருந்தபோது தாய் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘இலையுதிர்கால மாலை’யில், மகளை மணமுடித்து அனுப்பிய தந்தை இருண்ட வீட்டில் தனியே அமர்கிறார். அதுவே ஓசுவின் இறுதிப்படம்.

அடுத்த ஆண்டு அவருடைய கழுத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1963 டிசம்பர் 12ஆம் நாள் ஓசு இயற்கை எய்தினார். அன்று அவருக்கு அறுபது வயது நிறைந்தது. தமிழ் ஆண்டுக்கணக்கில் அறுபது ஆண்டுகள் ஒரு சுற்றாவதுபோல ஜப்பானிலும் அறுபதாம் பிறந்தநாள் ஒரு சுற்று நிறைவதைக் குறிக்கும் விழாநாளாகும். கமாகுராவின் எங்காகுஜி பௌத்தக் கோயில் வளாகத்தில் அவர் கல்லறை உள்ளது. அதில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. ‘இன்மை’ எனப் பொருள்படும் ஒற்றை எழுத்தே காணப்படுகிறது.

அளவுகோல் எது?

ஓசு மறைந்தபின் அவர் படங்கள் நாடுகள்தோறும் பரவின. ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ், ஓசு காட்டிய டோக்கியோவைத் தேடிச்சென்று 1985இல் ‘டோக்கியோ-கா’ என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். ஓசுவின் நூற்றாண்டையொட்டி தைவான் இயக்குநர் ஹூ சியாவ்-சியென் ‘கஃபே லூமியேர்’ என்னும் படத்தையும், ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி ‘ஃபைவ்’ என்னும் படத்தையும் அவருக்குக் காணிக்கையாக்கினர். ஜப்பானியருக்கு மட்டுமே விளங்கும் எனக் கருதப்பட்ட கலை, பெற்றோர் உள்ள எந்த நாட்டினருக்கும் விளங்குவதாயிற்று. அதற்காக ஓசு தம் மண்ணின் பாயையும் கிண்ணத்தையும் பேச்சுமுறையையும் மாற்றிக்கொள்ளவில்லை.

2022 வாக்கெடுப்பில் இயக்குநர்கள் பட்டியலின் முதலிடம் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்குச் சென்றது, ‘டோக்கியோ கதை’ நான்காம் இடத்திற்கு வந்தது. பத்தாண்டுகளில் அப்படத்தின் ஒரு காட்சியும் மாறிவிடவில்லை. வாக்களித்தோரும் அவர்தம் காலமும் மாறினர். தலைசிறந்தவர் யார் என்னும் வாதம் பயனற்றது எனத் தள்ளிவிடவும் இயலாது. அவ்வாதம் நிகழாதிருந்தால், தம் பெயரைக் கல்லறையிலும் எழுதாத ஒருவரைப் பிறநாட்டார் தேடிக் கண்டிருக்கமாட்டார்கள். இத்தகைய பட்டியல்கள் எந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என வழிகாட்டும். பார்த்தபின், ஊரிலிருக்கும் பெற்றோரை நினைத்துக்கொள்ளும் ஒருவரின் உள்ளத்தில் அப்படம் என்ன செய்தது என்பதை அப்பட்டியலின் எண்கள் கூறமாட்டா.

தெரிந்து தெளிவோம்

ஓசு ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். அவருடைய பேசாப் படங்கள் பலவற்றின் படச்சுருள்கள் இன்று கிடைக்கவில்லை; முதற்படமும் அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்றாகும். ‘டோக்கியோ கதை’யின் கதைக்கரு, 1937இல் வெளிவந்த லியோ மெக்கேரி என்பவரின் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்னும் அமெரிக்கப் படத்தோடு தொடர்புடையது. நோதா அப்படத்தைப் பார்த்திருந்தார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வகுப்பில் மாணவர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஐந்து திரைப்படங்களை எழுதி வாக்கெடுப்பு நடத்துக. முதலிடம் பெற்ற படத்தை எத்தனை பேர் குறிப்பிட்டனர் எனக் கணக்கிட்டு, அதன் பொருளைக் கலந்துரையாடுக.

2. ‘டோக்கியோ கதை’யில் வரும் மருத்துவ மகனின் நிலையிலிருந்து, தந்தைக்கு ஒரு மடல் எழுதுக.

3. ஒரே பொருளை மீண்டும் மீண்டும் படைப்பது கலைஞரின் வலிமையா, குறையா? ஓசுவின் வாழ்வைச் சான்றாகக்கொண்டு சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் வீட்டின் ஓர் அறையைத் தரையில் அமர்ந்து ஐந்து நிமிடம் உற்றுநோக்கி, கண்டவற்றை ஒரு பத்தியில் எழுதுக.